முதலில் லைசன்ஸ், அப்புறம்தான் தாலி

வண்ணாரப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ கல்யாணம் என்றால் அதன் வரிசை நமக்குப் பழகிப்போனது. நாள் குறித்து, மண்டபம் பிடித்து, தாலி கட்டி, பந்தியும் முடிந்த பிறகு ஒருநாள் ராயபுரத்திலோ செம்பியத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போவோம். 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் அதற்கு 90 நாள் தருகிறது. விட்டுப்போனால் தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். கல்யாணம் முன்னால், காகிதம் பின்னால்.

வேலைக்கும் படிப்புக்கும் அமெரிக்கா போன பிள்ளைகள் அங்கேயே கல்யாணம் முடிக்கும்போது இந்த வரிசை அப்படியே புரண்டுவிடுகிறது. அங்கே காகிதம்தான் முதலில். மணமக்கள் இருவரும் உள்ளூர் கிளார்க் அலுவலகத்தில் விண்ணப்பித்து, 'இவர்கள் மணந்துகொள்ளலாம்' என்ற அனுமதியை வாங்க வேண்டும். அதுதான் மேரேஜ் லைசன்ஸ். அதைக் கையில் வைத்துக்கொண்டு, சட்டம் ஏற்கும் ஒருவர் கல்யாணத்தை நடத்திக் கையெழுத்திட்டு அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அது பதிவான பிறகே சான்றிதழ். லைசன்ஸ் இல்லாமல் எத்தனை பேர் அட்சதை போட்டாலும், நாளைக்கு விசாவுக்கோ இன்சூரன்ஸுக்கோ காட்ட எதுவும் இருக்காது.

பெற்றோர் இங்கிருந்து தாலியும் பட்டும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறுவதற்கு முன்பே பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கல்யாணம் எந்த மாநிலத்தில்? வீடு எந்த மாநிலத்தில் என்பது இரண்டாவதுதான். அமெரிக்காவில் திருமணச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒரு மாநிலத்தில் வாங்கிய லைசன்ஸை வைத்து அடுத்த மாநிலத்தில் கல்யாணம் நடத்த முடியாது. நியூஜெர்சியின் எடிசனில் குடியிருக்கும் பையனுக்கு நியூயார்க் குயின்ஸில் உள்ள ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலில் கல்யாணம் என்றால், நியூஜெர்சி லைசன்ஸ் அங்கே செல்லாது. நியூயார்க் லைசன்ஸ் வேண்டும். இல்லினாய்ஸ் இன்னும் கறார்: எந்த கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) வாங்கினோமோ அந்த கவுண்டிக்குள்தான் கல்யாணம் நடக்க வேண்டும்.

அடுத்தது காத்திருப்பு நேரம். முகூர்த்தம் பார்க்கும் குடும்பங்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். நியூயார்க்கில் லைசன்ஸ் வாங்கி 24 மணி நேரம் கழிந்த பிறகே கல்யாணம். அந்த லைசன்ஸ் 60 நாள் செல்லும். டெக்சஸில் 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும், 90 நாள் செல்லும். கலிஃபோர்னியாவில் காத்திருப்பே இல்லை. 90 நாள் செல்லும். நியூஜெர்சியில் விண்ணப்பித்து 72 மணி நேரம் ஆன பிறகுதான் லைசன்ஸே கைக்கு வரும். ஞாயிறு காலை முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் 11 மணிக்கு விண்ணப்பித்தால் வெள்ளி 11 மணிக்கு வாங்கிவிடலாம். புதன் விண்ணப்பித்தால் 72 மணி நேரம் முடிவது சனிக்கிழமை. அன்றைக்கு அலுவலகம் திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. நீண்ட வார விடுமுறையில் சொந்தக்காரர்கள் வர வசதி என்று நாள் குறிப்பவர்கள், அந்தத் திங்கட்கிழமையும் அலுவலகம் இல்லை என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். பல இடங்களில் முன்பதிவு இல்லாமல் உள்ளே போகவும் முடியாது. கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பே விண்ணப்பிப்பது நல்லது. அதைவிட ரொம்ப முன்கூட்டி வாங்கினால் செல்லுபடிக் காலம் முடிந்துபோகும் ஆபத்து இருக்கிறது.

விண்ணப்பிக்க இருவரும் நேரில் போவதுதான் பொதுவான முறை. பாஸ்போர்ட் போதுமான அடையாளம். நியூஜெர்சியில் விண்ணப்பிக்கும்போதே 18 வயது நிரம்பிய ஒரு சாட்சியையும் அழைத்துப் போக வேண்டும். கட்டணம் 28 டாலர். இருவரில் ஒருவர் குடியிருக்கும் ஊரில்தான் விண்ணப்பம். நியூயார்க் நகரில் கட்டணம் 35 டாலர். முன்பு மணமாகி விவாகரத்து ஆனவர்கள் கோர்ட்டு தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கையோடு கொண்டுபோவது நல்லது. டெக்சஸில் விவாகரத்துத் தீர்ப்பு வந்து 30 நாள் ஆகாமல் வேறொருவரை மணக்க முடியாது.

படிவத்தில் பெயர் எழுதும் இடத்தில் நிதானம் வேண்டும். நம்முடைய பெயர்முறை அந்தக் கட்டங்களுக்குள் சுலபமாக அடங்காது. மு. செல்வம் என்று ஊரில் எழுதும் பையனின் பாஸ்போர்ட்டில் 'முனுசாமி' சர்நேமாக இருக்கலாம். சிலருக்கு ஒரே பெயர்தான் இருக்கும். ஒரே பெயர் உள்ளவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று விழும். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான குறி அது, யாருடைய பெயரும் அல்ல. பாஸ்போர்ட்டையும் விசாவையும் கிளார்க்கிடம் சேர்த்துக் காட்டி, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் ஏறச் செய்யுங்கள். பெற்றோர் பெயரையும் கேட்பார்கள். அம்மாவுக்குக் கேட்பது கல்யாணத்துக்கு முந்தைய பெயரை. அம்மாவின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக இருந்தாலும் இங்கே எழுத வேண்டியது அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். தாத்தா பெயருக்கு என்ன எழுத்துக்கூட்டல் என்று கவுண்டரில் நின்றுகொண்டு தண்டையார்பேட்டைக்கு போன் போட்டால் அங்கே நடுராத்திரியாக இருக்கும். முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த தேதியில் மாதம்தான் முதலில் வரும். மார்ச் 7-ஆம் தேதி பிறந்தவர் பழக்கத்தில் 07/03 என்று எழுதினால் ஜூலை 3 ஆகிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு எந்தப் பெயரை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்ற கேள்வியும் நியூயார்க் லைசன்ஸில் உண்டு. பெண் தன் அப்பா பெயரை எடுத்துவிட்டுக் கணவர் பெயரைப் போட்டால் பாஸ்போர்ட், விசா, வங்கி, பான், ஆதார் என்று எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே போக வேண்டும். மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாமியார் வீட்டு வற்புறுத்தலுக்காக அந்தக் கட்டத்தை நிரப்பாதீர்கள்.

இனி, கல்யாணத்தை நடத்தி வைப்பவர். நம் ஊரில் இதற்கு யார் வேண்டுமானாலும் பொருந்துவார்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இந்து திருமணத்தைப் பொறுத்தவரை அதற்கு நல்ல காரணமும் உண்டு. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் நிறைவேறிய சட்டத் திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ ஒருவரை ஒருவர் ஏற்றாலே போதும், புரோகிதர் தேவையில்லை. பெரம்பூரிலும் ஓட்டேரியிலும் தொழிற்சங்கத் தலைவர் தலைமையில் நடந்த கல்யாணங்கள் அந்த உரிமையில் நிற்கின்றன. வழக்கறிஞர்கள் முன்னிலையில் நடப்பதும் செல்லும் என்று 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெருமைப்பட வேண்டிய சட்டம். ஆனால் அது இங்கே உள்ள சட்டம்; விமானம் ஏறி வராது. அமெரிக்காவில் தமிழ்ச் சங்கத் தலைவரோ குடும்பப் பெரியவரோ திருக்குறள் சொல்லி நடத்தி வைத்தால், லைசன்ஸில் கையெழுத்துப் போட அவருக்கு அந்த மாநிலம் அதிகாரம் தந்திருக்க வேண்டும்.

அதற்கும் வழிகள் உண்டு. நியூயார்க்கில் 2023 முதல் 25 டாலர் கட்டி, அந்த ஒரு கல்யாணத்துக்கு மட்டும் ஒருவரை நடத்தி வைப்பவராக நியமித்துக்கொள்ளலாம். மாசசூசெட்ஸிலும் ஒருநாள் அனுமதி வாங்கலாம். கொலராடோவில் நடத்தி வைப்பவரே தேவையில்லை, மணமக்களே கையெழுத்திட்டுக்கொள்ளலாம். பென்சில்வேனியாவில் இரண்டு சாட்சிகளோடு தாங்களே மணந்துகொள்ளும் தனி லைசன்ஸ் இருக்கிறது. இவை எதுவும் ஒத்துவராவிட்டால், முந்தின நாளோ அதற்கு முன்னோ கிளார்க் அலுவலகத்திலோ நீதிபதி முன்போ சட்டப்படி முடித்துவிட்டு, மறுநாள் சுயமரியாதைத் திருமணத்தை மனம்போல் நடத்துங்கள். எங்கள் கணிப்பில் பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே பாதுகாப்பான ஏற்பாடு.

கோயில் ஐயரானாலும் பாஸ்டரானாலும் ஹஜ்ரத்தானாலும், முன்பணம் கொடுக்கும் முன் சிலவற்றைக் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும். இந்த மாநிலத்தில் இதற்கு முன் லைசன்ஸில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? பதிவு தேவைப்படும் இடமென்றால் பதிவு எண் என்ன? காகிதத்தைத் திருப்பி அனுப்புவது யார், நீங்களா உங்கள் அலுவலகமா? நியூயார்க் நகருக்குள் நடத்துபவர் நகர கிளார்க்கிடம் முன்பே பதிந்திருக்க வேண்டும். வர்ஜீனியாவிலும் சர்க்யூட் கோர்ட்டின் அனுமதி வேண்டும். நியூஜெர்சியில் மதகுருமாருக்குத் தனிப் பதிவு இல்லை. அதனால் நியூஜெர்சியில் பல வருடம் கல்யாணம் நடத்திய குருக்கள் ஆற்றைக் கடந்து குயின்ஸுக்கு வந்தால் அதிகாரம் தானாகக் கூடவே வராது. 'அவர் ரொம்ப அனுபவசாலி' என்ற பதில் இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

குருக்கள் ஒரு கோயிலின் பேரில் மதப் பணியாளர்களுக்கான ஆர்-1 விசாவில் வந்திருந்தால், அவர் வேலை செய்ய அனுமதி அந்தக் கோயிலுக்காக மட்டுமே. தனியாகப் பேசிக் கையில் பணம் கொடுத்து வரவழைப்பது அவர் விசாவுக்கே ஆபத்து. கோயில் அலுவலகத்தில் முறையாகப் பணம் கட்டி ரசீது வாங்கி அழைப்பதுதான் நியாயம். விசிட்டர் விசாவில் ஊரிலிருந்து வரும் குடும்பப் புரோகிதர் மந்திரம் சொல்லட்டும். லைசன்ஸில் கையெழுத்தை அங்கே அதிகாரம் உள்ளவர் போடட்டும்.

நண்பர் ஒருவர் இணையத்தில் சில நிமிடங்களில் 'பாதிரியார்' ஆகிக் கல்யாணம் நடத்துவது அங்கே சாதாரணம். பல மாநிலங்களில் அது செல்லும். ஆனால் டென்னசி 2019-இல் சட்டம் போட்டு அதை மறுத்தது. பென்சில்வேனியாவின் யார்க் கவுண்டியில் 2007-இல் ஒரு நீதிபதி அப்படி நடந்த கல்யாணம் செல்லாது என்றார். வேறு கவுண்டி நீதிமன்றம் மாறாகத் தீர்ப்பளித்தது. வர்ஜீனியாவிலும் இது சிக்கல்தான். சொத்துப் பிரிவினையோ விவாகரத்தோ வரும் நாளில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தோண்டும் இடம் இது. விசா சம்பந்தப்பட்ட கல்யாணத்தில் இந்தச் சந்தேகத்துக்கே இடம் வைக்கக் கூடாது.

அன்றைய தினம் லைசன்ஸை மணையருகே வைக்காதீர்கள். மஞ்சள் தண்ணீரும் குங்குமமும் பட்ட காகிதத்தைக் கிளார்க் திருப்பிவிடலாம். பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பொறுப்பான ஒரு தம்பியிடமோ தங்கையிடமோ கொடுத்து வையுங்கள். கறுப்பு மை, அடித்தல் திருத்தல் இல்லை, வொயிட்னர் கூடவே கூடாது. சாட்சி எண்ணிக்கையும் மாறும்: நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் ஒருவர் போதும், நியூஜெர்சியில் இருவர், டெக்சஸில் யாரும் வேண்டாம். சடங்குக்கு முன்பே கையெழுத்து வாங்குவதும், நல்ல நாளுக்காகத் தேதியை மாற்றி எழுதுவதும் குற்றம். நடத்தியவர் நியூயார்க்கில் 5 நாளுக்குள், கலிஃபோர்னியாவில் 10 நாளுக்குள், டெக்சஸில் 30 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். மறந்து பையில் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. தபாலில் சேர்த்த ரசீதின் படத்தை அன்றே வாங்கிவிடுங்கள். கோயிலிலோ சர்ச்சிலோ தங்க முத்திரையோடு தரும் அழகான அட்டை நினைவுக்குத்தான். விசாவுக்கு வேண்டியது அரசு அலுவலகம் தரும் சான்றிட்ட நகல். மூன்று நகலாவது எடுத்து வையுங்கள்.

சென்னையிலேயே கல்யாணம் முடித்து அங்கே வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் துணையை அழைத்துப்போகிறவர்கள் இங்கேயே யார் நடத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். திருவொற்றியூரிலோ பாரிமுனையிலோ எந்தக் கோயிலில் நடந்தாலும் கோயில் ரசீது பதிவு ஆகாது. சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். கிறிஸ்தவக் குடும்பங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, ஆயர் கைகளில் குருப்பட்டம் பெற்றவர்கள் தவிர மற்ற போதகர்களுக்கு அரசு தந்த உரிமம் வேண்டும். கொடுங்கையூர், எர்ணாவூர் பக்கம் சின்னச் சபைகளில் ஊழியம் செய்யும் எல்லாப் பாஸ்டரிடமும் அது இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. உரிமம் இல்லாமல் நடத்துவது அந்தச் சட்டப்படி கடுங்குற்றம், பத்து வருடம் வரை சிறை. ஜெபத்தை நம் பாஸ்டர் செய்யட்டும். பதிவை உரிமம் உள்ளவரிடமோ சிறப்புத் திருமணச் சட்டத்திலோ முடித்துக்கொள்ளலாம். பின்னதற்கு 30 நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் தேவை. லீவில் வரும் பிள்ளைகள் அதற்கேற்ப டிக்கெட் போட வேண்டும்.

அங்கே சட்டப்படி முடித்துவிட்டு இங்கே ஊரறிய இன்னொரு முறை தாலி கட்டும் குடும்பங்கள் நிறைய. கட்டட்டும். ஆனால் இங்கே போய் 'மணமாகாதவர்' என்று எழுதிப் புதிதாகப் பதியக் கூடாது. இரண்டு தேதியில் இரண்டு சான்றிதழ் இருந்தால் எது உண்மை என்று குடிவரவு அதிகாரி கேட்பார், எழுதியது பொய் என்றும் ஆகிவிடும். அமெரிக்கச் சான்றிதழை இங்கே பயன்படுத்த, ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்க உதவும் அப்போஸ்டில் முத்திரை போதும். இந்தியா 2005 முதல் அதற்கான சர்வதேச ஒப்பந்தத்தில் இருக்கிறது. சான்றிதழ் தந்த மாநிலத்தின் உரிய அலுவலகத்தில், பெரும்பாலும் மாநிலச் செயலர் அலுவலகத்தில், அதை வாங்க வேண்டும். நியூயார்க் நகரச் சான்றிதழ் என்றால் விரிவான நகலைக் கேட்டு வாங்கி, முதலில் கவுண்டி கிளார்க்கின் ஒப்புதல் பெற்று, அதற்குப் பிறகே மாநில முத்திரைக்குப் போக வேண்டும்.