ரெண்டாவது கீப்பர்: கோவில்பட்டி, மே

மே 13
ஹாக்கி டோர்னமெண்ட்டுக்கு எங்கள் அணிப் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். பதினெட்டுப் பேரில் கடைசிப் பெயர் என்னுடையது.

மே 14
இடது பேடின் பக்கிள் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஷூ லேஸ் வைத்துக் கட்டியிருக்கிறேன்.

மே 15
ஜெயித்தோம். நான் பேடு, பாதத்துக்குக் கிக்கர், செஸ்ட் கார்டு எல்லாம் மாட்டிக்கொண்டு நாலு குவார்ட்டரும் பெஞ்சில் இருந்தேன். சாயங்காலம்தான் மேட்ச், டர்ஃபில் தண்ணீர் வேறு அடித்திருந்தார்கள், ஆனாலும் கோவில்பட்டி மே மாதம் ஆளை விடாது. உடம்பு ஆறுவதில்லை, கண்தான் ஆறிப்போகிறது. ஒரு நிமிடம் வேடிக்கை பார்த்துவிட்டால் போச்சு, அப்புறம் பந்து வெறும் வெள்ளைப் புள்ளி. அதனால் எதிரணிக்கு பெனால்டி கார்னர் கிடைக்கும்போதெல்லாம் நானும் பெஞ்சிலேயே குனிந்து, பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடுகிற கையையே பார்க்கிறேன். பக்கத்தில் இருக்கிறவன் சிரித்தான். சிரிக்கட்டும்.

மே 17
முதல் கீப்பர் அண்ணனுக்கு வலது கட்டைவிரல் வீங்கியிருக்கிறது.

மே 17, ராத்திரி
தூக்கம் வரவில்லை. விரலைப் பார்த்ததும் ஒரு நொடி எனக்குள் ஏதோ துள்ளியது. என் முதல் கிளவுஸை வாங்கிக் கொடுத்தவர் அவர். அம்மா தீப்பெட்டி ஆபிஸிலிருந்து வந்ததும் போன் செய்தாள், எனக்குச் சான்ஸ் வரலாம் என்றேன். "அந்தப் பையன் கை எப்படிய்யா இருக்கு?" என்றுதான் கேட்டாள். வைத்துவிட்டேன்.

மே 18
பாத்திரம் கழுவும்போது எட்டு வரை எண்ணினேன். பல் தேய்க்கும்போதும். மேட்ச் சமனில் முடிந்தால் வைக்கிற ஷூட் அவுட்டில், 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு வருகிறவனுக்குக் கோல் போட எட்டே நொடி. முதல் மூன்று நொடியில் நான் விழுந்துவிட்டால் மிச்சம் ஐந்தும் அவனுடையது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா ஆடிய காலிறுதி ஞாபகம் வந்தது. அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை, பத்துப் பேரோடு பிரிட்டனை 1-1 என்று நிறுத்தி, ஷூட் அவுட்டில் 4-2. எல்லோருக்கும் கீப்பர் ஸ்ரீஜேஷ் முகம்தான் நினைவிருக்கும். எனக்குக் கிரிஷன் பகதூர் பாடக். பதினாறு பேர் அணியில் ஒரே கீப்பர்தான், இவர் ரிசர்வாகப் போயிருந்தார். ஆடுவோமா என்று தெரியாமலே தினமும் அதே பயிற்சியை முழுசாகச் செய்திருப்பார் இல்லையா? 2012 லண்டனில் பரத் சேத்ரி கேப்டன், கீப்பரும் அவர்தான். அந்த அணியில் இன்னொரு கீப்பர் ஸ்ரீஜேஷ். இதை அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன்.

மே 19
ஒன்றுமில்லை. லேஸ் அறுந்தது.

மே 20
காலிறுதி. கடைசி குவார்ட்டரில் அண்ணன் கையைத் தூக்கிவிட்டார். கோச் என்னைத் திரும்பிப் பார்க்கும் முன்பே ஹெல்மெட் என் தலையில் இருந்தது. வந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, பெனால்டி கார்னர், பந்து என் கிக்கருக்கும் கம்பத்துக்கும் நடுவே போய்க் கோல் பலகையில் அடித்தது. அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. 2-2. வயிறு காலியானது போல இருந்தது. ஸ்டிக்கால் இடது கம்பத்தை ஒரு தட்டு, வலது கம்பத்தை ஒரு தட்டு, "அடுத்த பந்து" என்று சத்தமாகவே சொன்னேன். அதன் பிறகு மூன்று பந்து வந்தது, மூன்றும் வெளியே போனது.

ஷூட் அவுட். விழவில்லை. நின்றேன், பின்னாலேயே போனேன், எட்டு எண்ணினேன். இரண்டைத் தடுத்தேன், மூன்று உள்ளே போனது. 4-3. அண்ணன்தான் முதலில் ஓடி வந்தார், கட்டுப்போட்ட கையோடு. நான் அழுதேன்.

மே 21
வீக்கம் வடிந்திருக்கிறது. அரையிறுதிக்கு யார் என்று கோச் இன்னும் சொல்லவில்லை.

பேடைக் கழுவி மாடியில் காயப்போட்டேன். வலது காய்ந்துவிட்டது, இடது இன்னும் ஈரம்.