வாட்சை ஒப்படைக்கலாமா? எம்.இ.ஓ. கிளாஸ் 4 ஓரல்ஸுக்குத் தயாராகிறவர்களுக்கு

கப்பலில் இஞ்சினியராக வாட்ச் பார்க்கத் தேவையான தகுதிச் சான்றிதழ் எம்.இ.ஓ. (மரைன் இஞ்சினியர் ஆபீசர்) கிளாஸ் 4. அதன் எழுத்துத் தேர்வு முடிந்து, ஓரல்ஸ் என்னும் வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த சர்வேயர் என்ன கேட்பார்?" என்றுதான். சர்வேயர் என்பவர் ஓரல்ஸில் கேள்வி கேட்கும் தேர்வாளர். கோர்ஸ் படிக்கும் இடங்களில் கைமாறும் கேள்வித் தொகுப்புகளை நானும் படித்தேன். அவற்றால் பயன் உண்டு, ஆனால் பாதிதான். தொகுப்பில் இருப்பது முதல் கேள்வி மட்டும். உங்களுக்குச் சான்றிதழ் கொடுக்கலாமா வேண்டாமா என்பது மூன்றாவது, நான்காவது கேள்வியில் முடிவாகிறது. கிளாஸ் 4 கையில் இருந்தால் நள்ளிரவில் இஞ்சின் ரூம் வாட்சை, அதாவது முறை வைத்துச் செய்யும் கண்காணிப்புப் பணியை, உங்களை நம்பி விடலாம் என்று பொருள். எதிரே உட்கார்ந்திருக்கும் சர்வேயர் மனதில் ஓடுவது அந்த ஒரு கேள்விதான்: இவரை நம்பி வாட்சை விட்டுவிட்டு செகண்ட் இஞ்சினியர் தூங்கப் போகலாமா?

இதை மனதில் வைத்துப் படித்தால் படிக்கும் விதமே மாறிவிடும்.

ஓரல்ஸ் நான்கு ஃபங்ஷன், அதாவது நான்கு பிரிவு. 3 சேஃப்டி, 4பி மோட்டார், 5 எலக்ட்ரிக்கல், 6 எம்.இ.பி. என்று நாம் சொல்லும் பராமரிப்பும் பழுதுபார்ப்பும். நான்கையும் தனித்தனிப் புத்தகமாகப் படிக்கிறோம். கப்பலில் அவை தனித்தனியாக வருவதில்லை. பிளாக்அவுட் ஆனால், அதாவது கப்பலில் மின்சாரம் போனால், அது எலக்ட்ரிக்கல் மட்டுமா? மெயின் இஞ்சின் நிற்கும், ஸ்டியரிங் போகும், எமர்ஜென்சி ஜெனரேட்டர் 45 விநாடிக்குள் லோடு எடுக்க வேண்டும். அந்த 45 விநாடி, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸின் கணக்கு. சரக்குக் கப்பலில் அது 18 மணி நேரம் தாங்க வேண்டும் என்பதும் அங்கிருந்துதான். எலக்ட்ரிக்கலில் ஆரம்பித்த கேள்வி சேஃப்டியில் போய் நிற்பது இப்படித்தான்.

தயாரிப்பு கரையில் தொடங்குவதில்லை. இப்போது ஜூனியராகக் கப்பலில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். டி.ஏ.ஆர். என்னும் பயிற்சிப் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவதற்காக மட்டும் லைன் டிரேசிங் (குழாய்ப் பாதையைத் தொடர்ந்து பார்ப்பது) செய்யாதீர்கள். ஃபியூயல் ஆயில், லூப் ஆயில், ஜாக்கெட் வாட்டர், ஸ்டார்ட்டிங் ஏர், பில்ஜ் (கப்பலின் அடியில் சேரும் கழிவுநீர்) ஆகிய ஐந்து லைனையும் டார்ச்சோடு நடந்து, வால்வு வால்வாகத் தொட்டுப் பார்த்து, பிறகு கேபினில் எதையும் பார்க்காமல் வரைந்து பாருங்கள். எங்கே பேனா தயங்குகிறதோ அங்கே மறுநாள் மறுபடி போய் நில்லுங்கள். பிரஷர், டெம்பரேச்சர், அலாரம் செட்டிங் எல்லாவற்றையும் உங்கள் கப்பலின் எண்களாகவே குறித்து வையுங்கள். "உன் கப்பலில் என்ன இஞ்சின்? போர் எவ்வளவு? ஸ்ட்ரோக் எவ்வளவு?" என்பதுதான் பெரும்பாலும் மோட்டாரின் முதல் கேள்வி (போர் சிலிண்டரின் உள்விட்டம், ஸ்ட்ரோக் பிஸ்டன் நகரும் தூரம்). அதற்கே தடுமாறினால், பிறகு சொல்லும் நல்ல பதிலும் புத்தகத்திலிருந்து வந்ததாகத்தான் சர்வேயருக்குத் தோன்றும்.

ஒரு கேள்வி எப்படி ஆழமாகிறது என்பதற்கு கிராங்க்கேஸ் (கிராங்க் ஷாஃப்ட் சுழலும் இஞ்சினின் அடிப்பெட்டி) வெடிப்பை எடுத்துக்கொள்வோம். ஆயில் மிஸ்ட் எப்படி உண்டாகிறது என்று கேட்பார். அளவுமீறிச் சூடேறிய ஹாட் ஸ்பாட்டில் எண்ணெய் ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் மிக நுண்ணிய துளிகளாகிறது. காற்றோடு சேர்ந்து எரியும் விகிதத்துக்கு வரும்போது அதே ஹாட் ஸ்பாட் பற்றவைக்கிறது. இது எல்லோரும் சொல்வது. அடுத்து, "டிடெக்டர் அலாரம் எங்கே?" எரியத் தொடங்கும் அளவு லிட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம், அலாரம் அதில் 5 சதவீதத்தில், அதாவது 2.5 மில்லிகிராமில். அடுத்து, "ரிலீஃப் டோர் எதற்கு?" வெடிப்பின் அழுத்தத்தை வெளியே விட என்று சொல்லி நிறுத்துகிறவர்கள் அதிகம். அங்கே நிறுத்தாதீர்கள். அது சுமார் 0.05 பாரில் திறந்து உடனே மூட வேண்டும். மூடாவிட்டால் வெளியே போன அழுத்தத்தின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே பாயும். அதனால் வரும் இரண்டாம் வெடிப்பு முதலாவதைவிடக் கொடியது. ஃபிளேம் டிராப் இருப்பது, வெளியே வரும் சுவாலை அருகில் நிற்பவரைச் சுடாமலிருக்க.

கடைசியாக வருவதுதான் உண்மையான கேள்வி: "அலாரம் அடிக்கிறது. நீ என்ன செய்வாய்?"

சிலர் உடனே, "நிறுத்திவிட்டு டர்னிங் கியர் போட்டுச் சுற்றுவேன்" என்பார்கள். டர்னிங் கியர் என்பது நின்ற இஞ்சினை மெதுவாகச் சுற்றும் அமைப்பு. ரிலீஃப் டோர் பக்கம் யாரும் நிற்கக் கூடாது என்று ஒரு நிமிடம் முன்பு சொன்ன அதே ஆள், இப்போது அங்கேயே போய் நிற்கிறார். சர்வேயர் பிடிப்பது இந்த முரணைத்தான். மேன் பி அண்டு டபிள்யூ இஞ்சின் கையேட்டைத் திறந்து பாருங்கள்: கிராங்க்கேஸ் கதவுகளிலிருந்து விலகு, வேகத்தைக் குறை, பிரிட்ஜிடம் நிறுத்த அனுமதி கேள், நிறுத்து, எரிபொருளை அடை, ஆக்ஸிலரி புளோயரை (இஞ்சினுக்குக் காற்று ஊதும் துணை விசிறி) நிறுத்து, ஸ்கைலைட்டைத் (இஞ்சின் ரூமின் மேல் திறப்பு) திற, இஞ்சின் ரூமை விட்டு வெளியேறு, தீயணைப்புக் கருவிகளைத் தயாராக வை. நிறுத்திய பின் குறைந்தது 20 நிமிடத்துக்குக் கிராங்க்கேஸைத் திறக்காதே. என் அனுபவத்தில் எந்த கைடு புத்தகத்தைவிடவும் இந்தக் கையேடுதான் பெரிய துணை. "மேக்கர்ஸ் மேனுவலில் இப்படி இருக்கிறது, சார்" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனியே மாறும்.

இதிலிருந்து நான் கைக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. 'என்ன செய்வாய்' என்ற கேள்விக்கு முதலில் செயல், பிறகு காரணம். ஸ்கேவெஞ்ச் ஃபயரா, அதாவது சிலிண்டருக்குக் காற்று போகும் அறையில் தீயா? வேகம் குறைப்பு, அந்த யூனிட்டுக்கு எரிபொருள் நிறுத்தம், சிலிண்டர் லூப்ரிகேஷன் அதிகரிப்பு என்று முதலில் சொல்லுங்கள். தீ எப்படி வந்தது என்ற விளக்கத்தை அவர் கேட்கும்போது சொன்னால் போதும். தீ எரியும்போது காரணத்தை விளக்கிக்கொண்டு நிற்கும் இஞ்சினியரை யாருக்கும் பிடிக்காது.

எம்.இ.பி.யில் பாய்லர் கேஜ் கிளாஸ் (நீர்மட்டம் காட்டும் கண்ணாடி) புளோ டவுன், அதாவது அதை ஊதிச் சோதிப்பது, கட்டாயம் கேட்கப்படும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரிசையை மனப்பாடம் செய்வது எளிது. ஒவ்வொரு படியிலும் கண்ணாடி என்ன சொல்கிறது என்று புரிந்திருக்க வேண்டும். டிரெய்னை மூடிவிட்டு முதலில் கீழே உள்ள வாட்டர் காக்கைத் (தண்ணீர் வரும் வால்வு) திறக்கிறோம். தண்ணீர் மேலேறி கண்ணாடியை நிறைத்தால், மட்டம் வாட்டர் காக்குக்கு மேலே இருக்கிறது. பிறகு மேலே உள்ள ஸ்டீம் காக். தண்ணீர் இறங்கி ஒரு மட்டத்தில் நின்றால் அதுதான் உண்மை மட்டம். இறங்கவே இல்லை என்றால் டிரம்மில் தண்ணீர் கூடிப்போயிருக்கிறது. முதலிலேயே தண்ணீர் ஏறவில்லை என்றால் ஃபயரிங்கை உடனே நிறுத்த வேண்டும். அவசரப்பட்டு ஃபீட் கொடுக்கக் கூடாது. சூடேறி வெறுமையாய் நிற்கும் டியூபில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி.

எலக்ட்ரிக்கலைக் கண்டு மெக்கானிக்கல் படித்தவர்கள் அஞ்சுகிறார்கள். சர்க்யூட் தியரிக்குள் மூழ்க வேண்டியதில்லை. பாதுகாப்புச் சாதனம் ஒவ்வொன்றுக்கும் 'ஏன்' தெரிந்தால் போதும். கப்பலில் நியூட்ரலை ஏன் கப்பலின் உடலோடு இணைக்காமல் இன்சுலேட் செய்கிறோம்? ஒரு எர்த் ஃபால்ட் (மின்கம்பி கப்பலின் இரும்பைத் தொடும் பழுது) வந்தாலும் ஸ்டியரிங் மோட்டார் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காக. அப்படியானால் அந்த ஃபால்ட்டை ஏன் உடனே தேட வேண்டும்? இன்னொரு ஃபேஸில் இரண்டாவது எர்த் வந்தால் அது ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். எர்த் லாம்பில் பழுதான ஃபேஸின் விளக்கு மங்கும், மற்ற இரண்டும் பிரகாசிக்கும். ரிவர்ஸ் பவர் (மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பிப் பாய்வது) டிரிப்புக்கு டைம் டிலே ஏன்? இரண்டு ஜெனரேட்டரைப் பேரலல் செய்யும் நொடியில் சிறிது ரிவர்ஸ் பவர் வந்து போகலாம். அதற்கெல்லாம் பிரேக்கர் விழுந்துகொண்டிருக்கக் கூடாது. இப்படிக் கேள்விக்குள் கேள்வியாக நண்பரோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.

சேஃப்டியில் எண்களுக்குத் தப்ப முடியாது. பில்ஜ் வெளியேற்றத்தில் எண்ணெய் 15 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 15 பங்கு), ஸ்டியரிங்கில் சுக்கான் ஒருபக்கம் 35 டிகிரியிலிருந்து மறுபக்கம் 30 டிகிரிக்கு 28 விநாடிக்குள், தீயணைக்க இஞ்சின் ரூமுக்குள் விடும் கார்பன் டை ஆக்சைடில் 85 சதவீதம் 2 நிமிடத்துக்குள், எரிபொருளில் கந்தகம் 2020 முதல் 0.50 சதவீதம், எமிஷன் கன்ட்ரோல் ஏரியா என்னும் புகைக் கட்டுப்பாட்டுக் கடற்பகுதியில் 0.10. இவை நாக்கு நுனியில் இருக்கட்டும். என்க்ளோஸ்டு ஸ்பேஸைப் (காற்றோட்டமில்லாத மூடிய இடம்) பற்றி மட்டும் எண்ணோடு நிறுத்தாமல் மனதாரப் படியுங்கள். உள்ளே மயங்கிக் கிடப்பவரைப் பார்த்ததும் மூச்சுக் கருவி இல்லாமல் இறங்கி உயிரை விட்ட மாலுமிகள் உலகெங்கும் பலர். "உன் மோட்டார்மேன் உள்ளே விழுந்து கிடக்கிறார், என்ன செய்வாய்?" என்றால், முதல் பதில் அலாரம் எழுப்புவது. "உள்ளே ஓடுவேன்" என்று சொன்னால் அந்த ஃபங்ஷன் அங்கேயே முடிந்தது.

தமிழ் வழியில் பள்ளிப் படிப்பு முடித்து வந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. ஓரல்ஸ் ஆங்கிலத்தில் நடக்கும். அங்கே யாரும் உங்கள் இலக்கணத்துக்கு மார்க் போடப்போவதில்லை. நீளமான வாக்கியம் கட்ட முயலாதீர்கள். வாட்ச் ஹேண்ட்ஓவரில் பேசுவதுபோலச் சின்னச் சின்னதாகச் சொல்லுங்கள். தமிழில் யோசித்துப் புரிந்துகொண்டதை, கண்ணாடி முன்னால் அல்ல, கேள்வி கேட்கும் ஒரு ஆள் முன்னால் தினமும் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மௌனமாகப் படித்தது எதிரே ஆள் இருக்கும்போது வாயில் வராது. சொல் வராத இடத்தில் தாளை வாங்கி வரைந்து காட்டுங்கள். பியூரிஃபையர் பௌல், ஏர் ஸ்டார்ட்டிங் வால்வு, ஃபியூயல் பம்ப் மூன்றும் கைக்குப் பழகியிருந்தால் பாதி மொழிச் சிக்கல் தீர்ந்தது.

தெரியாத கேள்வி வரும். "தெரியவில்லை, சார்" என்று சொல்லலாம், அதில் இழுக்கில்லை. ஊகித்து ஒரு எண்ணைச் சொன்னால் சர்வேயர் அதையே பிடித்துத் தோண்டுவார். ஆனால் அடிப்படைப் பாதுகாப்புக் கேள்விக்குத் தெரியவில்லை என்று சொல்ல இடமில்லை.

அன்றைக்குச் சுத்தமான யூனிஃபார்ம், சி.டி.சி. (மாலுமியின் பணிப் பதிவுப் புத்தகம்), கடல்சேவைச் சான்றுகளின் அசல். ஒரு ஃபங்ஷன் போனால் நான்கும் போனதாக நினைத்து உடைந்துவிடாதீர்கள். தேறியது தேறியதுதான், போனதை மட்டும் மறுபடி எழுதிக்கொடுத்து உட்காரலாம். வெளியே வந்த உடனேயே, வீட்டுக்குப் பேசுவதற்கும் முன்னால், கேட்ட கேள்விகளையும் நீங்கள் சொன்ன பதிலையும் வரிசை மாறாமல் எழுதி வையுங்கள். எந்தப் பதிலுக்குப் பிறகு சர்வேயர் அடுத்த தலைப்புக்குத் தாவினார், எங்கே விடாமல் நின்றார் என்று பாருங்கள். அடுத்த முறை படிக்க வேண்டிய பக்கம் அவர் நின்ற இடத்தில் இருக்கிறது.