செங்கோட்டையில் பன்னிரண்டு வாரம்: ஓடுவதற்கு ஓர் ஊர் தேடியபோது

பாளையங்கோட்டையில் ஏப்ரல் மாதம் விடியற்காலை ஐந்து மணிக்கே என் வீட்டு மாடியில் 28 டிகிரி காட்டியது. 24 கிலோமீட்டர் ஓடுவதென்று கிளம்பி, அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் 18-ஐத் தாண்ட முடியாமல் நடந்தே வீடு திரும்பினேன். கால் வலிக்கவில்லை. நாடித்துடிப்புதான் ஏறிக்கொண்டே போனது. கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 40 விநாடி என்ற ஒரே வேகத்துக்கு ஐந்தாவது கிலோமீட்டரில் 148, பதினைந்தாவதில் 169. உடம்பைக் குளிர்விக்க இரத்தம் தோல்பக்கம் போகிறது, வியர்வையில் நீர் இறங்குகிறது, மிச்சமிருப்பதை வைத்துக் கால்களுக்கு ஈடுகொடுக்க இதயம் இன்னும் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. சென்னையில் ஜனவரியில் நடக்கும் மாரத்தானில் 42.195 கிலோமீட்டரையும் நிற்காமல் ஓடி முடிக்க வேண்டும் என்பது என் இரண்டு வருட ஆசை. வெயில் காலம் முழுவதும் இப்படியே போனால் அது நடக்காது என்று அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

மலைப்பக்கம் போய்ப் பயிற்சி எடுப்பது என்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது உயரம்தான். எனக்கும் அப்படித்தான். கென்யாவில் இடென் (Iten) என்ற சிற்றூர் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உலகின் பல பாகங்களிலிருந்தும் ஓட்டக்காரர்கள் அங்கே போய்த் தங்கிப் பயிற்சி எடுக்கிறார்கள். நமக்கு எட்டுகிற உயரம் ஊட்டி, 2,240 மீட்டர். 1968-இல் ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் ஏறத்தாழ இதே உயரம். அந்த ஏப்ரலுக்கு முன்பே, பிப்ரவரியில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊட்டியில் பதினான்கு நாள் இருந்து பார்த்தேன். அறைக்கும் சாப்பாட்டுக்குமாக 21,000 ரூபாய் ஆனது. முதல் ஒரு வாரம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. உடம்பு பழகத் தொடங்கியபோது ஊருக்குக் கிளம்பும் நாள் வந்துவிட்டது. உயரத்தில் இருந்தால் ஆக்சிஜனைச் சுமக்கிற இரத்தச் சிவப்பணுக்கள் பெருகும் என்பது உண்மை. ஆனால் அதற்குக் குறைந்தது மூன்று நான்கு வாரம் அங்கேயே குடியிருக்க வேண்டும். 1997-இல் லெவின், ஸ்ட்ரே-கண்டர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில் ஓட்டக்காரர்களை நான்கு வாரம் 2,500 மீட்டரில் தங்கவைத்து, ஓடுவதற்கு மட்டும் 1,250 மீட்டருக்கு இறக்கினார்கள். உயரத்தில் வேகமாக ஓட முடியாது என்பதால் அந்த ஏற்பாடு. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற என்னால் இதையெல்லாம் செய்ய முடியாது. உயரத்தை மறந்துவிட்டு, குளிர்ந்த காற்று, ஓட மண்பாதை, ஏற ஒரு மேடு, கட்டுப்படியாகிற வாடகை என்று தேட முடிவு செய்தேன். கூட ஓட ஆள் வேண்டும் என்பது அப்போது என் கணக்கிலேயே இல்லை.

கணக்குப் பதிவு வேலையை எங்கிருந்தும் கணினியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் சம்மதித்தார்கள். மே மாதம் குற்றாலத்தில் ஓர் அறை எடுத்தேன். அருவியில் தண்ணீர் இல்லாத நேரம், வாடகை குறைவு, சாலைகளும் காலியாகக் கிடந்தன. ஒரு மாதம் தனியாக ஓடினேன். ஜூனில் சாரல் விழுந்ததும் நிலைமை மாறியது. அறைக்கு ஒரு நாளைக்கு வாங்குகிற பணம் நான் ஒரு வாரத்துக்குக் கொடுத்ததைவிட அதிகமாயிற்று. காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஓடுவதற்கு நல்ல காற்று வந்த அதே நாளில் தங்க இடம் இல்லாமல் போனதில் எனக்கு மிகுந்த வருத்தம்.

அடுத்து அம்பாசமுத்திரம் பக்கம் பார்த்தேன். மாஞ்சோலை ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது, நம் மாவட்டத்திலேயே அதைப்போல் ஓர் இடம் இல்லை. ஆனால் அது புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. 2024-இல் தேயிலைத் தோட்ட வேலையும் நின்று, தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களிலேயே பலர் கீழே இறங்கிவிட்டார்கள். அந்த ஊரை ஓட்டப் பயிற்சிக்கு நினைப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. பாபநாசமும் விக்கிரமசிங்கபுரமும் வாடகைக்கும் காற்றுக்கும் நல்ல ஊர்கள்தான். ஆனால் 2024 மே மாதம் அங்கே அடிவாரக் கிராமங்களில் கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தார்கள். கடையம் பக்கம் கரடியும் உண்டு. இருட்டோடு கிளம்பித் தனியாக ஓடுகிறவன் அந்த ஊர்களைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

ஜூலை நடுவில் செங்கோட்டைக்கு வந்து சேர்ந்தேன். இதுவும் உயரம் இல்லை, கடல் மட்டத்திலிருந்து சில நூறு அடிதான். ஆனால் மேற்கே ஆரியங்காவுக் கணவாய் திறந்து கிடக்கிறது. கேரளத்தில் பெய்கிற தென்மேற்குப் பருவமழையின் காற்றும் மேகமும் அந்த வாசல் வழியாக இங்கே வருகின்றன. முதல் நாள் காலை 5 மணிக்கு 23 டிகிரி. சாரல் முகத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. ஒரு வீட்டின் பின்கட்டில் தனி அறை, வாடகை 4,500. காலையும் இரவும் வீட்டுக்கார ஆச்சியிடமே சாப்பாடு, அதற்கு மாதம் 3,000. ஊட்டியில் பதினான்கு நாளுக்கு ஆன பணத்தில் இங்கே இரண்டரை மாதத்துக்கு மேல் இருக்கலாம். திருநெல்வேலிக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகிறது. ஞாயிறு மதியம் வீட்டுக்குப் போய்த் திங்கள் மாலை திரும்பிவிடுகிறேன்.

முதல் வாரத்தில் ஒரு தவறு செய்தேன். கொல்லம் சாலையில் புளியரைப் பக்கம் ஓடினேன். எஸ் வளைவு ஏற்றம் கண்ணுக்கு அழகாக இருக்கிறது, பயிற்சிக்கும் ஏற்றதுதான். ஆனால் அந்தச் சாலை முழுக்கக் கேரளத்துக்குப் போகிற கனரக லாரிகள். ஓரத்தில் கால் வைக்க இடமில்லை. ஆடிக்காற்று வேறு நெஞ்சைப் பிடித்துத் தள்ளியது. இரண்டே நாளில் விட்டுவிட்டேன். யாரும் அங்கே ஓட வேண்டாம்.

மூன்றாம் நாள் வடக்கே பண்பொழிச் சாலையில் திரும்பினேன். அங்கே ஒரு திடலில், விடிவதற்கு முன்பே, கைப்பேசி வெளிச்சத்தில் இருபது பேர் நின்றிருந்தார்கள். காவலர் தேர்வுக்கு உடற்பயிற்சி செய்கிற பையன்களும் பெண்களும். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் விசில் ஊதிக்கொண்டு நிற்கிறார், காசு வாங்குவதில்லை. திடலில் ஒரு சுற்று 200 மீட்டர். ஒரு பெண் சிரட்டையில் சுண்ணாம்புப் பொடியை அள்ளி, குனிந்தபடியே பின்னால் நடந்து, விரலிடுக்கில் பொடியை விட்டுக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அன்றைய சாரலில் கோடு பாதிக்கு மேல் நிற்கவில்லை. அவள் சலித்துக்கொள்ளாமல், வளைவு வருகிற நான்கு இடத்தில் மட்டும் செங்கலை வைத்துவிட்டு, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். நானும் கடைசியில் நின்றுகொண்டேன்.

அன்றைக்கு ஏழரைச் சுற்றையும் 7 நிமிடம் 52 விநாடியில் ஓடினேன். என்னைவிடப் பதினைந்து வயது இளைய பையன் ஒருவன், "அண்ணாச்சி, நீங்கள் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடுவீர்கள், வேகம்தான் இல்லை" என்றான். அவனுக்கோ 1,000 மீட்டர் வரை நல்ல வேகம், கடைசி 500-இல் கால் கட்டிப்போகிறது. அவனுக்கு வேண்டியது என்னிடமும், எனக்கு வேண்டியது அவனிடமும் இருந்தன. செவ்வாயும் வியாழனும் அவர்களுடைய 400 மீட்டர் ஓட்டங்களில் நான் சேர்ந்துகொள்கிறேன். ஞாயிறு என்னுடைய நீண்ட ஓட்டத்தில் முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் அவர்களில் நாலைந்து பேர் வருகிறார்கள், பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில். கூட ஓட ஒத்த மனதுள்ளவர்கள் என்றால் மாரத்தான் ஓடுகிறவர்கள்தான் என்று நினைத்திருந்தேன். ஆனால் நாலரை மணிக்கு நான் வரவில்லையென்றால் கைப்பேசியில் கூப்பிட ஆள் இருக்கிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. குற்றாலத்தில் ஒரு மாதத்தில் எட்டு நாள் தூங்கிப்போனேன். இங்கே பன்னிரண்டு வாரத்தில் மூன்றே நாள், அதிலும் இரண்டு நாள் காய்ச்சல்.

ஏற்றத்துக்குப் பண்பொழித் திருமலைக் குமாரசாமி கோயில் மலை இருக்கிறது. படிகள் பக்தர்களுக்கு, நான் வண்டிப்பாதையில்தான் ஓடுகிறேன், அதுவும் கூட்டம் இல்லாத புதன்கிழமை காலையில். மேலே நிற்கும்போது அச்சன்புதூர்ப் பக்கத்து வயல்களும் தென்னந்தோப்புகளும் மேகம் விலகும் இடைவெளிகளில் தெரியும். முதல் புதன் மூன்று தடவைதான் ஏற முடிந்தது. ஏழாம் வாரம் ஆறு தடவை. இறங்கும்போது கெண்டைக்காலும் முட்டியும் அடி வாங்குவதால் இறக்கத்தில் நடந்தே வருகிறேன். ஐந்தாம் வாரம் ஆர்வத்தில் வேகமாக இறங்கி இடது முட்டியில் வீக்கம் வந்து நான்கு நாள் போயிற்று.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: நீண்ட ஓட்டத்துக்கு முந்தின இரவு ஆச்சி மரச்சீனிக்கிழங்கு அவித்துத் தருகிறார். ஓடி முடித்ததும் உப்புப் போட்ட நீராகாரம், அரை மணி நேரத்தில் ஏத்தம்பழமும் இரண்டு முட்டையும். பிரானூர் பார்டர் புரோட்டா மாதத்தில் ஒரு நாள்.

இப்போது பன்னிரண்டாம் வாரம், அக்டோபர் தொடக்கம். அதே 6 நிமிடம் 40 விநாடி வேகத்தில் பதினைந்தாவது கிலோமீட்டரில் என் நாடித்துடிப்பு 144. இதில் குளிர்ந்த காற்றுக்கு எவ்வளவு பங்கு, பயிற்சிக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க, போன திங்கட்கிழமை பாளையங்கோட்டையிலும் ஓடிப் பார்த்தேன். 27 டிகிரி வெக்கையில் 155. ஏப்ரலில் 169 இருந்தது. திடலில் 1,500 மீட்டர் 6 நிமிடம் 48 விநாடிக்கு வந்திருக்கிறது. அந்தப் பையன் 5 நிமிடம் 50-இல் முடிக்கிறான், கடைசி 500-இல் அவன் கால் இப்போது கட்டுவதில்லை.

இனி வடகிழக்குப் பருவமழை. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிற வண்டிகள் இந்த ஊர்ச் சாலைகளை நிறைத்துவிடும். அதனால் 30 கிலோமீட்டருக்கு மேலான மூன்று ஓட்டங்களையும் நவம்பர் நடுவுக்குள் முடித்துவிடுவதாகத் திட்டம். ஆச்சியிடம் டிசம்பர் வரை வாடகை கொடுத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு பண்பொழி, மேக்கரை வழியாக 26. கோடு போடுகிற அந்தப் பெண்ணும் இந்தத் தடவை பன்னிரண்டு கிலோமீட்டரும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நாலே காலுக்குத் திடல் முனையில் நிற்க வேண்டும்.