நெருப்புக்குத் தப்பிய நீலம்

பிரான்சில் பாரிஸுக்குத் தென்மேற்கே, கோதுமை வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஷார்த்ர் நகரப் பேராலயத்துக்கு நான் இரண்டு முறை சென்றிருக்கிறேன். முதல் முறை வெளி வெயிலிலிருந்து நேரே நுழைந்ததால் கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. இருட்டு பழகுவதற்குள் புறப்பட வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை ஒரே ஒரு வண்ணக் கண்ணாடிச் சாளரத்துக்காகப் போனேன்.

அந்தச் சாளரத்தின் கதை ஒரு தீ விபத்தோடு பின்னிக் கிடக்கிறது. 1194ஆம் ஆண்டு ஜூன் 10 அன்று பற்றிய தீயில் பழைய பேராலயத்தின் பெரும்பகுதி அழிந்தது. மேற்கு முகப்பும் அதன் கோபுரங்களும் நிலவறையும் எஞ்சின. 876 முதல் அங்கே போற்றிக் காக்கப்பட்டுவந்த, மரியன்னை அணிந்ததாக நம்பப்பட்ட ஆடையும் எரிந்துவிட்டதென்றே ஊர் கலங்கியது. நிலவறையில் அது பத்திரமாக இருப்பது சில நாட்களில் தெரியவந்ததும், முன்னிலும் பெரிய ஆலயத்தை அன்னையே விரும்புகிறாள் என்று மக்கள் அதைப் பொருள்கொண்டார்கள். 1220களுக்குள் கட்டடத்தின் பெரும்பகுதி எழுந்துவிட்டது. 1260இல் அரசர் ஒன்பதாம் லூயியின் முன்னிலையில் ஆலயத்தைப் புனிதப்படுத்தும் அர்ச்சிப்பு நடந்தது. தலைமைக் கொத்தனாரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

பெயர் தெரியாத அந்த மனிதரின் துணிச்சலை வெளியே நின்று பார்த்தால்தான் உணர முடியும். ஏறத்தாழ 37 மீட்டர் உயரத்தில் இருக்கும் கல் கூரை, தன் எடையால் சுவர்களை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலைத் தாங்குவதற்குச் சுவரைத் தடிமனாக்காமல், வெளியே பருத்த உதைகால்களை நிறுத்தி, அவற்றிலிருந்து சுவருக்குக் கல் வளைவுகளைப் பாலம்போல் எறிந்தார்கள். கீழிரண்டு வளைவுகளுக்கிடையே சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலக் குட்டித் தூண்கள் நிற்கின்றன. பாரம் இப்படி வெளியேறிவிட்டதால், கூர்வளைவுகளைக் கொண்ட கோத்திக் பாணியில் அதற்கு முன் கட்டிய ஆலயங்களில் நடுவே இருந்த மேல்மாடத்தையே விட்டுவிட்டு, மேற்சாளரங்களை, ஆலயத்தினுள் கீழே உள்ள தூண்வரிசை வளைவுகளுக்கு ஏறக்குறைய நிகரான உயரத்துக்கு நீட்ட முடிந்தது. கல்லின் கணக்கெல்லாம் கண்ணாடிக்கு இடம் தருவதற்காகவே போடப்பட்டது என்பது என் எண்ணம்.

நான் தேடிப்போன 'அழகிய சாளரத்து அன்னை' பீடப்பகுதியின் தென்புறத்தில் இருக்கிறாள். சிவந்த பின்னணியில், மடியில் குழந்தையை ஏந்தி அமர்ந்திருக்கும் அன்னையின் உருவம் 1180ஐ ஒட்டிச் செய்யப்பட்டது. தீக்குத் தப்பிய நான்கு கண்ணாடிப் பலகைகள் அவை. அவற்றைப் புதிய ஆலயத்தில் பொருத்தி, சுற்றிலும் வானதூதர்களை வரைந்தவர்கள் அடுத்த தலைமுறைக் கலைஞர்கள். இரு காலத்து நீலமும் ஒன்றல்ல என்பது வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. அன்னையின் ஆடையில் உள்ள நீலம் வெளிர்ந்தது, ஒளியைத் தடுக்காமல் உள்ளே விடுவது. தூதர்களுக்குப் பின்னால் இருப்பதோ அடர்ந்தது, ஆழமானது. நீலத்தைத் தருவது கோபால்ட் என்ற உலோகம். சிவப்புக்குச் செம்பைச் சேர்த்தார்கள். ஆனால் அது தடித்தால் கறுத்துப்போகும் என்பதால், நிறமற்ற கண்ணாடியின் மேல் மெல்லிய படலமாக ஏற்றினார்கள். துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைத்தார்கள். முகத்தின் கோடுகளை மட்டும் கருமையான பூச்சால் தீட்டிச் சூளையில் சுட்டார்கள்.

மேகம் ஒன்று கடந்தபோது சிவப்பு முழுவதும் அணைந்ததுபோல மங்கிவிட்டது. ஆடையின் நீலம் மட்டும் அப்போதும் விழித்திருந்தது. அந்தச் சில நிமிடங்களுக்காகவே இன்னொரு முறை அவ்வளவு தூரம் போகலாம்.

சாளரங்களின் அடிப்பலகைகளைத் தவறவிடக் கூடாது. புனிதர்களின் கதைகளுக்குக் கீழே ரொட்டி சுடுவோர், செருப்புத் தைப்போர், தச்சர்கள் தத்தம் வேலையில் இருக்கிறார்கள். பேரரசர் சார்லமேனின் கதை சொல்லும் சாளரத்தின் அடியில் ஒரு வணிகர் மென்மயிர்த் தோலாடையை விரித்து வாடிக்கையாளருக்குக் காட்டுகிறார். தீக்கு முந்திய மேற்கு வாசலிலும் இதே நெருக்கம் உண்டு. அங்கே இலக்கணத்தை ஒரு பெண்ணாகச் செதுக்கி, கையில் பிரம்பைக் கொடுத்திருக்கிறார்கள். அவள் காலடியில் இரண்டு மாணவர்கள், ஒருவன் மற்றவனின் முடியைப் பிடித்து இழுக்கிறான். கல்விக்குப் பேர்பெற்ற இந்த ஊரின் சிற்பி, வகுப்பறையை நன்றாகவே கண்டிருக்கிறார்.

பிற்காலத்திலும் நெருப்பு விடவில்லை. 1506இல் மின்னல் தாக்கி வடகோபுரத்தின் மர உச்சி எரிந்தது. அதற்குப் பதிலாக ஜெஹான் த போஸ் எழுப்பிய நுணுக்க வேலைப்பாடு மிகுந்த உச்சிதான், எளிமையான தென்கோபுரத்தோடு இன்று பொருந்தாமல் நிற்கிறது. அந்தப் பொருந்தாமை எனக்குப் பிடித்திருக்கிறது. 1836இல் கூரையின் மரச்சட்டங்கள் எரிந்தபின் இரும்புச் சட்டமும் செப்புத் தகடும் வந்தன. 1939இல் போருக்கு அஞ்சிக் கண்ணாடிகளைக் கழற்றிப் பாதுகாத்தார்கள். 1944 ஆகஸ்டில், கோபுரத்தில் ஜெர்மானியர் இருப்பதாகச் சந்தேகித்து அமெரிக்கப் படை பீரங்கியால் தாக்கவிருந்தபோது, கர்னல் வெல்போர்ன் கிரிஃபித் என்ற அதிகாரி தாமே போய்ப் பார்த்து, எவரும் இல்லை என்று உறுதிசெய்தார். ஆலயம் தப்பியது, அன்றே அவர் சண்டையில் உயிரிழந்தார்.

அண்மைப் புதுப்பிப்பில் உட்சுவர்களின் கரி நீங்கி, 13ஆம் நூற்றாண்டில் இருந்தவாறே வெளிறிய பூச்சு மீண்டிருக்கிறது. வெளுத்த சுவர் கண்ணாடியின் ஒளிர்வைக் குறைக்கும் என்பவர்களின் கவலை எனக்குப் புரிந்தாலும், கட்டியவர்கள் கண்ட சுவர் இதுதான் என்பதால் அதை ஏற்றுக்கொள்கிறேன். தூணின் மேல் நிற்கும், பல தலைமுறைகள் 'கறுப்பு அன்னை' என்று கும்பிட்டுவந்த மரச்சிலையின் முகத்தை வெளுக்கச் செய்ததை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை.