குற்றாலத்தில் அருவி மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீங்க

அம்மனைச் சக்கர வடிவில் கும்பிடும் குற்றாலம், தரையில் சக்கரம் உள்ள சங்கரன்கோவில், அம்மனுக்குத் தனிக் கோயிலே உள்ள நெல்லை என்று மூன்றையும் பார்த்துவிட்டு வாங்க. சீசன் நேரத்தில் தென்காசியில் இறங்கி "குற்றாலம்" என்று வாயைத் திறந்தாலே ஆட்டோ ரேட் எகிறிவிடும். வெறும் 5 கிலோமீட்டர்! இதுக்கெல்லாம் பேரம் பேசித் தொண்டையைக் காயவிட வேண்டாம். பஸ்ஸில் ஏறுங்க. சாதாரண டவுன் பஸ் வந்தால் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. மிச்சமாகும் காசு சங்கரன்கோவில் போக உதவும்.

பஸ்ஸை விட்டு இறங்கிய கூட்டம் நேரே மெயினருவிக்கு ஓடும். பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயில். மேலிருந்து பார்த்தால் சங்கு வடிவில் இருக்கும். உள்ளே போகிறவர்களும் சுவாமியையும் குழல்வாய்மொழி அம்மனையும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பராசக்தி பீடம் எங்கே என்று விசாரித்துப் போங்க. அங்கே முகமும் கையும் கொண்ட சிலையைத் தேடினால் ஏமாந்துதான் போவீங்க. முக்கோணங்களும் இதழ்களும் சேர்ந்த வழிபாட்டு வடிவம்தான் ஸ்ரீசக்கரம். அதைப் படிகளாக உயர்த்திய மேருவே அங்கே அம்மன். 51 சக்தி பீடங்களில் இது தரணி பீடம் என்பார்கள். பௌர்ணமி பூஜை விசேஷம். அம்மனின் உக்கிரம் தணிய எதிரே காமகோடீஸ்வரர் லிங்கத்தை வைத்ததாகவும் சொல்வார்கள்.

சக்கரத்தை எப்படிப் பார்ப்பது? வெளியிலிருந்து உள்ளே வாங்க. நாலு வாசல் வைத்த சதுரக் கோட்டை, அதற்குள் 16 இதழ், பிறகு 8 இதழ். அப்புறம் முக்கோண வரிசைகள்: 14, 10, 10, 8. நடுவில் ஒரே முக்கோணம், அதற்குள் பிந்து என்ற புள்ளி. ஆக 9 ஆவரணம், அதாவது 9 சுற்று. கீழ்நோக்கிய 5 சக்தி முக்கோணமும் மேல்நோக்கிய 4 சிவ முக்கோணமும் வெட்டிக்கொள்வதால்தான் இந்த 43 சின்ன முக்கோணங்கள் விழுகின்றன. இதையே படிப்படியாக உயர்த்தினால் மேரு. பிந்து உச்சிக்குப் போய்விடும். கோபுர வாசல், பிராகாரம், மண்டபம், கருவறை என்று நாம் நடப்பதும் இதே வழிதானே! சாதாரண நேரத்தில் அலங்காரமும் அரைவெளிச்சமும் படிகளை மறைக்கும். தீபாராதனை வரைக்கும் பொறுங்க.

சங்கரன்கோவிலில் கோமதி அம்மனுக்கு எதிரே, மண்டபத் தரையிலேயே சக்கரம். அதில் உட்கார்ந்து வேண்டினால் மனக்கோளாறு தீரும் என்று நம்பி வருகிறார்கள். அப்படி யாராவது உட்கார்ந்திருந்தால் தள்ளியே நில்லுங்க, போனைத் தூக்காதீங்க. இந்தக் கோயிலின் பெரிய திருவிழாவான ஆடித்தபசு அன்று சக்கரம் பார்க்கப் போவது வீண் வேலை, தலைகள்தான் தெரியும். நெல்லையிலிருந்து போகிறவர்கள் புது பஸ் ஸ்டாண்டில் ஏறுங்க. ரயில் தென்காசியைச் சுற்றிக்கொண்டு போகும். பிரியாணி ஆசை இருந்தால் தரிசனம் முடிந்த பிறகு!

நெல்லை டவுனில் சக்கரத்தைத் தேட வேண்டாம், கட்டடத்தைப் பாருங்க. இங்கே சுவாமி நெல்லையப்பர். பக்கத்திலேயே காந்திமதி அம்மனுக்குச் சந்நிதி மட்டுமல்ல, தனிக் கோயிலே உண்டு. பழைய கல்வெட்டுகளில் இப்படிப்பட்ட அம்மன் கோயிலுக்குத் திருக்காமக்கோட்டம் என்று பெயர். தனித்தனியாக நின்ற இரண்டு கோயில்களையும் 1647ல் வடமலையப்ப பிள்ளை சங்கிலி மண்டபம் கட்டி இணைத்தார். சிவமும் சக்தியும் சேர்ந்த தத்துவத்துக்கு இதைவிட நேரடியான கல் விளக்கம் எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம் இல்லை. அம்மன் கோயில் ஊஞ்சல் மண்டபத் தூண்கள் 96, சைவம் சொல்லும் தத்துவங்களும் 96. எண்ணிப் பார்க்க யாருக்குப் பொறுமை? எல்லாரும் இசைத்தூணைத் தட்டத்தான் போகிறார்கள்.

அம்மன் வாசலில் நுழைந்து சங்கிலி மண்டபம் வழியாக சுவாமி பக்கம் போங்க. காலையிலேயே போயிடுங்க. மதியம் நடை சாத்திவிட்டால் சாயங்காலம் வரைக்கும் ரதவீதியில் அல்வாவுக்குக் காசு கரைக்க வேண்டியதுதான்.