அத்தையின் அடுப்பும் என் மாம்பழ அடுக்கும்

தை மாதத்திலேயே மாம்பழம் வரும் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருக்கிறேன் என்பது மனதில் பதியவே எனக்குக் கொஞ்சக் காலம் பிடித்தது. யாழ்ப்பாணத்தில் கறுத்தக்கொழும்பான் வைகாசி, ஆனியில்தான் வாசனை காட்டும். இங்கே முதலமடையில் பொங்கல் கழிந்த கையோடு லாரிகள் தோப்புக்குள் நுழைந்துவிடுகின்றன. மற்ற ஊர் மரங்கள் பூவும் பிஞ்சுமாக நிற்கும்போதே டில்லிக்கும் மும்பைக்கும் வளைகுடாவுக்கும் இங்கிருந்து பெட்டி போய்விடும். முந்திக்கொள்ளும் அந்தச் சில வாரங்களில்தான் விலை. பிறகு மற்ற ஊர்க் காய் சந்தைக்கு இறங்கியதும் எங்கள் காய்க்கு மரியாதை குறைந்துவிடும். சித்திரை பிறக்கும்போது வியாபாரி வேண்டாமென்று கழித்த பழம் திண்ணை முழுக்கக் கிடக்கும். நான் சொல்ல வந்தது அந்தத் திண்ணைப் பழத்தைப் பற்றித்தான்.

ஷார்ஜாவில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தபோது பழகி, திருமணம் முடித்து, கணவரின் ஊருக்கு வந்தேன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கேரளம் என்றால் மழையும் காயலும் தோணியும் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இந்தப் பக்கம் ஏமாற்றம்தான். கணவாய் வழியாக வீசும் வறண்ட காற்று, பனைமரங்கள், தெற்கே சுவர் எடுத்தது போல் நெல்லியாம்பதி மலை. கோவிந்தாபுரம் தாண்டினால் தமிழ்நாடு. பஸ்ஸின் பலகையில் மலையாளம், பஸ்ஸுக்குள் கொங்குத் தமிழ். பறம்பிக்குளம் எங்கள் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. ஆனால் அங்கே போக வேண்டுமானால் பொள்ளாச்சிப் பக்கம் சுற்றி, சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து ஏறித்தான் மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். எல்லைக்கோடு போட்டவர்கள் எந்த மரத்தடியில் உட்கார்ந்து போட்டார்களோ!

இப்படிப்பட்ட ஊரில், மொழி தெரிந்தும் சாமி தெரிந்தும், காகிதத்தில் நான் அயல்நாட்டவள். 180 நாட்களுக்கு மேல் தங்குவதற்கான விசாவில் வந்தால் 14 நாட்களுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்தியக் குடிமகனின் மனைவி என்ற முறையில் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை கேட்பதற்கு, பதிவான திருமணம் இரண்டு ஆண்டுகளாவது நீடித்திருக்க வேண்டும். அதுவரை கடவுச்சீட்டின் நகலைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். அதைப் பற்றி எழுதினால் படிப்பவர்களுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு.

வீட்டிலும் எனக்கென்று வேலை எதுவும் மிஞ்சவில்லை. விறகடுப்பில் சோறு, காஸ் அடுப்பில் குழம்பு, இரண்டுக்கும் நடுவில் அத்தை. "நீ உட்கார் கண்ணு, வெக்கை அடிக்கிறது" என்று அன்பாகவே வெளியே அனுப்பிவிடுவார். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் அம்மாவும் எங்கள் குசினிக்குள் இன்னொருத்தியை விடமாட்டார். புதிதாக வந்த மருமகள் அடுப்பைக் கேட்டால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். ஃபிரிட்ஜ் அப்படி இல்லை. கூடத்து மூலையில், தயிரும் மாமாவின் மருந்தும் மல்லிகைப்பூவும் உள்ளே இருக்க, யார் ஆட்சியிலும் சேராமல் அது நின்றுகொண்டிருந்தது. அதில் ஒரு தட்டு மட்டும் எனக்கு வேண்டுமென்று கேட்டேன். யாரும் மறுக்கவில்லை.

இலங்கையில் பிறந்தநாளோ நத்தாரோ (கிறிஸ்துமஸ்) விருந்தாளியோ, எது வந்தாலும் பிஸ்கட் புடிங் செய்வார்கள். மாரி பிஸ்கட்டைப் பாலில் தோய்த்து வரிசையாக அடுக்கி, நடுவில் பட்டரும் ஐசிங் சீனியும் கொக்கோவும் அடித்த கலவையைப் பூசி, மேலே முந்திரி தூவிக் குளிரவைப்பது. போறணை, அதாவது ஓவன், வேண்டாம். எங்கள் வீட்டுக்கு அது பிந்தித்தான் வந்தது. 1990களில் யாழ்ப்பாணத்தில் ஃபிரிட்ஜ் ஓட்ட மின்சாரம் ஏது? எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் அம்மா பாடப்புத்தகங்களை அடுக்கியிருந்தார். கரையான் ஏறாது என்று. 2002 போர்நிறுத்தத்தில் ஏ-9 பாதை திறந்து, கொழும்பிலிருந்து சித்தி வந்தபோதுதான் புத்தகங்கள் வெளியேறின, புடிங் உள்ளே போனது.

அதே முறையை அப்படியே இங்கே இறக்க முடியாது என்பது, கொல்லங்கோட்டுக் கடையில் வாங்கிய பட்டர் வீடு வந்து சேரும்போது இருந்த இருப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயில் 40 பாகையை (டிகிரி செல்சியஸ்) தொடும். பட்டர் 32, 35 பாகையிலேயே உருகிவிடும். சரி, கிரீமை அடித்து நுரைக்கவைக்கலாமா என்றால், கடையில் பெட்டியில் விற்கும் சாதாரண ஃபிரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். நுரைத்து நிற்க 30 சதவீதமாவது வேண்டும். எவ்வளவு அடித்தாலும் அது மோராட்டம் ஓடிக்கொண்டேயிருக்கும்.

வீட்டில் தயிருக்குப் பஞ்சமில்லை. ஒரு லிட்டர் கெட்டித் தயிரைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து, வடிகட்டியில் வைத்து, அடியில் பாத்திரம் கொடுத்து, இரவு முழுவதும் ஃபிரிட்ஜுக்குள்ளேயே வடியவிடுகிறேன். வெளியே தொங்கவிட்டால் இந்தச் சூட்டில் விடிவதற்குள் புளித்துவிடும். காலையில் முடிச்சை அவிழ்த்தால் துணியின் மடிப்புகள் அப்படியே பதிந்த வெள்ளைக் கட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும்; கரண்டியால் வெட்டி எடுக்கலாம். வடிந்த தண்ணீரை அத்தை வீணாக்குவதில்லை, தோசைமாவில் சேர்த்துவிடுவார். வடிகட்டிய தயிருடன் அரை டின் பால் (இனிப்புச் சேர்த்துச் சுண்டவைத்தது), அதாவது 200 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. கையால் கலந்தாலே போதும். மிக்ஸியில் போட்டால் நீர்த்துவிடும்.

பழம் தேர்வதில்தான் என் அறிவெல்லாம் செலவாகிறது. தோப்பில் அல்போன்சா, பங்கனப்பள்ளி, சிந்தூரம், மல்கோவா, கிளிமூக்கு எல்லாம் நிற்கின்றன. விலையுயர்ந்தது என்பதற்காக எல்லா அடுக்கிலும் அல்போன்சாவைப் போடுவது வீண் பெருமை. டின்பாலின் இனிப்புக்கு முன்னால் அது பணிந்துவிடும். துண்டுகளுக்குப் பங்கனப்பள்ளி நல்லது: நார் இல்லை, சாறு குறைவு, வெட்டினால் கட்டம் கட்டமாக நிற்கும், பிஸ்கட்டை ஊறவைத்துக் கெடுக்காது. அரைத்து ஊற்ற அல்போன்சாவோ சிந்தூரமோ எடுத்து, அதில் கால் பங்கு கிளிமூக்கைச் சேர்ப்பேன். அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் மூன்றாவது கரண்டியில் திகட்டிவிடும். காம்பைக் கிள்ளியதும் வடியும் பால் கையைப் புண்ணாக்கும் என்பதால், பறித்த காயைக் கவிழ்த்து வைத்து, பால் வடிந்த பிறகுதான் வைக்கோலுக்குள் அனுப்புகிறார்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைக்கச் சட்டத்தில் தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை பயன்படுத்தலாம். கல் வைத்த பழம் தோலில் மஞ்சளாகவும் கொட்டையருகே வெளிறியும் இருக்கும். சமைக்கிற பண்டமானால் வெல்லம் போட்டுச் சரிக்கட்டலாம். இதில் பழம் எப்படியோ இனிப்பும் அப்படியே.

மாரி பிஸ்கட்டைப் பாலில் தோய்ப்பதற்குக் கடிகாரம் தேவையில்லை. பிஸ்கட் முகத்தில் இருக்கும் சிறு துளைகளிலிருந்து குமிழ்கள் வரிசையாகக் கிளம்பும். அவை நிற்பதற்குள் எடுத்துவிட வேண்டும். நின்ற பிறகு எடுத்தால் பாதி கையில் வரும், பாதி பாலில் கிடக்கும். பால் குளிர்ந்திருக்க வேண்டும். கண்ணாடிப் பாத்திரத்தில் முதலில் பிஸ்கட், அதன்மேல் தயிர், அதன்மேல் பழத்துண்டுகள், மறுபடி பிஸ்கட். இடைவெளிகளில் பிஸ்கட்டை உடைத்துச் செருகுவது என் நாத்தனார் மகளின் வேலை. மிஞ்சும் மூலைகளைத் தின்பதும் அவள்தான். நான்கு மணி நேரமாவது குளிர வேண்டும். ஓர் இரவு இருந்தால் பிஸ்கட் கேக் பதத்துக்கு வந்துவிடும்.

ஏலக்காய் போட வேண்டும் என்று மாமா சொல்வார். நெல்லியாம்பதி ஏலம் வீட்டிலேயே இருக்கிறது, போடாமல் இருப்பது அவருக்குப் பாவமாகத் தெரிகிறது. நான் போடுவதில்லை. ஏலம் சேர்ந்தால் எல்லா மாம்பழமும் ஒரே மாம்பழமாகிவிடும்.

"அடுப்பே பற்றவைக்காமல் ஒரு பலகாரமா, கண்ணு?" என்று அத்தை முதலில் தள்ளியே நின்றார். வேகாத பண்டத்தை விருந்தாளிக்குக் கொடுப்பது அவருக்குச் சம்மதமில்லை. குழந்தைகளுக்கு ஆகும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கரண்டியைக் கழுவப் போகிற சாக்கில் இன்னொரு வாய் எடுத்துக்கொண்டார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவரை இதற்குள் இழுத்தது மின்வெட்டு. கேரளத்தின் சித்திரைப் பண்டிகையான விஷுவுக்கு முந்தின நாள் மதியம் போன கரண்டு மாலைவரை வரவில்லை. மறுநாள் காலை கனி காண வேண்டும், கொன்றைப்பூவும் வெள்ளரியும் தயாராக இருக்கின்றன. பகலில் சொந்தக்காரர்கள் வருவார்கள். என் தயிர் அடுக்கு இளகத் தொடங்கியிருந்தது. அத்தை மூடியைத் திறந்து பார்த்தார். "மேலே பாசி காய்ச்சி ஊற்றினால் நிற்குமே" என்றார். பக்கத்து ராவுத்தர் வீட்டில் நோன்புக் காலத்தில் கடற்பாசி (அகர் அகர்) காய்ச்சுவார்கள். அங்கே பார்த்துப் பழகியிருக்கிறார். சொன்னதோடு நிற்கவில்லை. அவர்கள் வீட்டிலிருந்து ஒரு கட்டு வாங்கிவரப் பையனை அனுப்பினார்.

கடற்பாசிக்கு இந்த வெயில் ஒரு பொருட்டே அல்ல. ஜெலட்டின் நம் உடல் சூட்டுக்கே கரைந்துவிடும். போதாததற்கு அது விலங்கிலிருந்து எடுப்பது, எங்கள் வீட்டு விரத நாட்களுக்கு ஒத்துவராது. கடற்பாசி 40 பாகைக்குக் கொஞ்சம் கீழே வந்தாலே உறைந்துவிடும். ஒருமுறை உறைந்தபின் 85 பாகை வரை சூடேற்றினால்தான் இளகும். ஃபிரிட்ஜ் இல்லாமலே சமையல்மேடையில் உறையும். கால் லிட்டர் தண்ணீரில் ஐந்து கிராம் பாசியை ஊறவைத்து, கொதிக்கவிட்டு, இழை முழுவதும் கரைந்தபின் இறக்கி, பிறகுதான் கால் லிட்டர் மாம்பழக் கூழைச் சேர்க்க வேண்டும். புளிப்புள்ள கூழைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால் பாசியின் பிடிப்புக் குறைந்துவிடும். கூழ் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியில் இருந்தாலும் ஆபத்துதான், அந்த இடத்திலேயே கட்டி தட்டும். அத்தை கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் ஊற்றினார். மஞ்சள் கூழ் கரண்டியின் விளிம்பில் வழிந்து, தயிரைக் குழிக்காமல் மெல்லப் பரவி, பாத்திரத்தின் ஓரத்தைத் தொட்டு நின்றது. அவ்வளவு நேரமும் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். கரண்டு வந்தபோது மேல் அடுக்கு உறைந்திருந்தது.

விஷுவன்று மாமா கைநீட்டம் கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் சித்திரைப் புத்தாண்டுக்கு அப்பா கைவிசேடம் தருவார், வெற்றிலையில் வைத்து. இங்கே வெற்றிலை இல்லை, மற்றபடி அதே புது நோட்டு. மதியம் பாயசத்துக்குப் பிறகு என் பாத்திரமும் பந்தியில் வந்தது. ஆண்கள் வழக்கம்போல் இலைப்பேன் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். சில ஆண்டுகளாக அது பூவையே கருக்கிவிடுகிறது, மருந்தடித்த செலவுக்கும் காய் வரவில்லை. பேசிக்கொண்டே தின்றார்கள். ஒருவரும் பாராட்டவில்லை, பாத்திரம் மட்டும் காலி.

இப்போது பழம் மாறும்போதெல்லாம் இது மாறுகிறது. பலாச்சுளை நன்றாக ஒத்துப்போகிறது, பொடியாக நறுக்கினால். நெல்லியாம்பதி ஆரஞ்சைத் தோலுரித்து, சுளைமேல் இருக்கும் வெள்ளைச் சவ்வையும் எடுத்துவிட்டால் பிரமாதம். பப்பாளியையும் அன்னாசியையும் பச்சையாகத் தயிரோடு சேர்த்து வைக்கக் கூடாது. அவற்றிலுள்ள நொதிகள் பால்புரதத்தை உடைத்துக் கசப்பாக்கிவிடும். அன்னாசி போட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு கொதி விட்டு ஆறவைத்துப் போடலாம்; அந்தக் கொதியை விட்டுத் தர இப்போது அத்தை இருக்கிறார்.

வருகிற மாதம் மீனாட்சிபுரத்தில் கணவரின் பெரியப்பா வீட்டில் காதுகுத்து. 150 பேருக்கு இந்த அடுக்கு வேண்டுமாம். பந்தல் வெயிலில் தயிர் அரை மணி நேரம்கூடத் தாங்காது, முடியாது என்று சொல்லச் சொன்னேன். அத்தை கேட்டுக்கொண்டிருந்தவர், தொலைபேசியைக் கணவரின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "தயிர் வேண்டாம், தேங்காய்ப்பாலில் பாசி ஒரு அடுக்கு, மாம்பழப் பாசி ஒரு அடுக்கு, நடுவில் பிஸ்கட். நாங்கள் செய்துகொண்டு வந்துவிடுகிறோம்" என்றார். பெரிய அண்டா பரணில் இருக்கிறது, இறக்க வேண்டும். பிஸ்கட்டுக்குப் பொள்ளாச்சி மொத்தக் கடையில் சொல்லியாகிவிட்டது.