கங்கோத்ரிக்குக் கீழே கைவிட்ட சுரங்கம்: காசி யாத்திரை போகிறவர்களுக்குச் சில விவரங்கள்

இராமேஸ்வரத்தில் கங்கை நீர் அன்றாடப் பேச்சு. இங்கே சேது மணல் எடுத்துப் போய்ப் பிரயாகைத் திரிவேணியில் கரைத்துவிட்டு, கங்கை நீரோடு திரும்பி வந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் காசி யாத்திரை நிறைவு. போக முடியாதவர்களுக்கு 2016 முதல் தபால் நிலையங்களில் பாட்டிலும் கிடைக்கிறது. அதனால் லோஹாரிநாக் பாலா மின்திட்டப் பேச்சு வரும்போதெல்லாம், “கங்கோத்ரித் தண்ணியையே அடைக்கப் பார்த்தாங்களாமே?” என்று கேட்பவர்கள் உண்டு.

கங்கோத்ரியில் இல்லை, அதற்குக் கீழே. உத்தரகாசி மாவட்டத்தில், பாகீரதி ஆற்றில் (அந்தப் பக்கம் கங்கைக்கு அதுதான் பெயர்), தேசிய அனல் மின் கழகம் 600 மெகாவாட்டுக்குத் தொடங்கிய திட்டம் அது: 150 மெகாவாட் எந்திரம் 4. அதற்கு மேலே பைரோன்காட்டி (381 மெகாவாட்), கீழே பாலா மனேரி (480 மெகாவாட்) என்று மாநில அரசின் திட்டங்கள் 2. ஐஐடி கான்பூரில் பேராசிரியராக இருந்த ஜி.டி. அகர்வால் இவற்றை எதிர்த்துப் பலமுறை உண்ணாவிரதம் இருந்தார். 2010 ஆகஸ்டில் மத்திய அமைச்சர்கள் குழு லோஹாரிநாக் பாலாவைக் கைவிட்டது. மற்ற இரண்டும் அந்த ஆண்டே போயின. 2012 டிசம்பரில், ஆறு பிறக்கும் கோமுகம் முதல் உத்தரகாசி வரையிலான பகுதி சூழல் கூருணர்வு மண்டலமாக, அதாவது இயற்கையைக் காக்கக் கட்டுப்பாடுகள் உள்ள பகுதியாக, அறிவிக்கப்பட்டது.

லோஹாரிநாக் பாலா மேட்டூர், வைகை மாதிரி தண்ணீரைத் தேக்கி வைக்கும் அணை அல்ல. ஆற்றின் குறுக்கே ஷட்டர் வைத்த தாழ்வான தடுப்பணை. பக்கத்திலேயே மணல் படியவிடும் பெரிய அறைகள், ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மணலை இங்கே பிரித்துவிட வேண்டும். இமயத்து மணலில் குவார்ட்ஸ் அதிகம், விட்டால் டர்பைன் சக்கரத்தை அரித்துத் தின்றுவிடும். தெளிந்த நீர் மலைக்குள் பல கிலோமீட்டர் சுரங்கத்தில் கிட்டத்தட்ட மட்டமாக ஓடி, கடைசியில் செங்குத்தாக விழுந்து டர்பைனைச் சுற்றிவிட்டு ஆற்றுக்கே திரும்பும். திடீரென்று எந்திரத்தை நிறுத்தினால் ஓடிவந்த நீர் முட்டிச் சுரங்கத்தை உடைக்காமல் இருக்க, விழும் இடத்துக்குச் சற்று முன் ஒரு செங்குத்துக் கிணறு இருக்கும்.

“தண்ணீரைத் தேக்கவில்லை, எடுத்ததைத் திருப்பி விட்டுவிடுகிறோம், பிறகென்ன கேடு?” என்பது திட்டக்காரர்கள் வாதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 1 கனமீட்டர் நீர் சுமார் 3.5 மெகாவாட் தரும். 600 மெகாவாட்டுக்கு வினாடிக்கு 170 கனமீட்டர் வேண்டும். மழையும் பனியுருகலும் சேரும் ஜூலை, ஆகஸ்டில் ஆறு அதற்கு மேலேயே கொடுக்கும். ஜனவரியில் அதில் ஒரு சிறு பங்குதான் வரும்; சுரங்கத்தின் வாய்க்கு அது முழுதுமே போதாது. விதி போட்டு விடச் சொல்லாவிட்டால் ஒரு சொட்டும் ஆற்றில் மிஞ்சாது. தடுப்பணையிலிருந்து நீர் திரும்பிச் சேரும் இடம் வரை வெறும் பாறைதான். பரமக்குடியில் அழகர் மணலில் இறங்குவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு விஷயம் யாத்ரீகர்கள் கண்ணுக்குப் படுவதே இல்லை. கங்கோத்ரிக் கோயில் அட்சய திருதியையில் திறந்து தீபாவளியை ஒட்டி மூடும்; குளிர்காலத்தில் தேவி முக்பா கிராமத்தில் இருப்பாள். ஆறு வற்றும் மாதங்களில் நம் ஊர்க்காரர் யாரும் அங்கே போவதில்லை. போகும் மாதங்களில் ஆறு நுரைத்துக்கொண்டுதான் ஓடும்.

குறைந்தபட்சம் இவ்வளவு நீரை ஆற்றில் விடவேண்டும் என்ற மத்திய அரசின் உத்தரவு 2018 அக்டோபரில்தான் வந்தது. கங்கையின் மேல்பகுதியில் நவம்பர்–மார்ச்சில் வரத்தில் 20 சதவீதம், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூன்–செப்டம்பரில் 30. குளிர்காலத்து 20 சதவீதம் எங்கள் பார்வையில் மிகக் குறைவு. வரத்தே சுருங்கிய காலத்தில் அதில் ஐந்தில் ஒன்று. இன்னும் அதிகம் விடவேண்டும் என்று கேட்டு 111 நாள் உண்ணாவிரதம் இருந்த அகர்வால், அதே மாதம் 11ஆம் தேதி ரிஷிகேஷில் இறந்தார்.

திட்டத்தைக் கைவிட்டாலும் தோண்டிய சுரங்கம் மலைக்குள் அப்படியே இருக்கும். 8 மீட்டர் விட்டச் சுரங்கம் என்றால் 1 கிலோமீட்டருக்கு 50,000 கனமீட்டர் பாறை. உடைத்ததும் ஒன்றரை மடங்காக உப்பும். 10 கனமீட்டர் டிப்பரில் 7,500 லோடு. இதைக் கொட்டச் சமதரை ஏது? ஆற்றோரச் சரிவில்தான் குவிப்பார்கள். தாங்குசுவர் கட்டாமல் விட்டால் அடுத்த வெள்ளம் அள்ளிக்கொண்டு போய்க் கீழே ஆற்றுப் படுகையை மேடாக்கும்.

உள்ளே நிலைமை இன்னும் சிக்கல். தோண்டும்போது கூரை விழாமல் இருக்கத் தெளிப்புக் கான்கிரீட்டும், பாறைக்குள் செருகும் போல்ட்டும், இரும்பு வளைவுகளும் போடுவார்கள். இவை தற்காலிகம், நிரந்தரப் பாதுகாப்பு கடைசியில் போடும் கான்கிரீட் உறைதான். பாதியில் நின்றால் அது இருக்காது. ஊற்றுநீர் கசிந்துகொண்டே இருக்கும், இரும்பு துருப்பிடிக்கும், கூரை கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். வாயை மட்டும் கான்கிரீட்டால் அடைத்துவிட்டுப் போனால் உள்ளே நீர் சேர்ந்து அழுத்தம் ஏறும். பலவீனமான பாறை உள்ள இடங்களை நிரப்பி, இடுக்குகளில் சிமென்ட் பால் ஏற்றி, வாயை அடைக்கும்போது வடிகுழாய் வைக்க வேண்டும். 1991 அக்டோபர் 20 நிலநடுக்கம் உலுக்கிய மாவட்டம் இது. இதில் அலட்சியத்துக்கு இடமில்லை.

சரி, பாட்டிலுக்கு வருவோம். கங்கோத்ரியில் பிடித்த நீருக்கும் இந்தத் திட்டங்களுக்கும் சம்பந்தமில்லை. எல்லாமே அதற்குக் கீழே. ஹரித்வாரிலோ காசியிலோ பிடிப்பது, பாகீரதியின் பங்கைப் பொறுத்தவரை, உத்தரகாசியை ஒட்டி ஏற்கெனவே இயங்கும் மனேரி பாலி மின்திட்டத்தின் இரண்டு சுரங்கங்களையும் 260.5 மீட்டர் உயர டெஹ்ரி அணையையும் கடந்து வந்த நீர். சாஸ்திரப்படி இரண்டும் கங்கைதான், அதில் நாங்கள் தலையிடவில்லை.

உத்தரகாசியிலிருந்து கங்கோத்ரிக்கு வண்டியில் போனால் மனேரியில் நிறுத்தச் சொல்லுங்கள். சாலையிலிருந்தே தடுப்பணை தெரியும். மேலே எவ்வளவு நீர் நிற்கிறது, ஷட்டருக்குக் கீழே எவ்வளவு ஓடுகிறது என்று பாருங்கள். மே முதல் வாரத்தில் வித்தியாசம் தெரிய வாய்ப்பு அதிகம். தடுப்பணைக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் படுகையில் இறங்கிக் குளிக்காதீர்கள். மணலை வெளியேற்ற ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் சில நிமிடங்களில் ஏறிவிடும்.